அப்பாவின் வயிற்றுத் தொல்லைக்குப் பழ வைத்தியம் பலிக்குமா?

கேள்வி: 60 வயதைத் தாண்டிய அப்பாவுக்குச் சில மாதங்களாக மலச்சிக்கல், வயிற்று உப்புசம், நெஞ்செரிச்சல் மூன்றும் இருக்கின்றன. மாத்திரை வேண்டாம் என்கிறார். பழங்களை வைத்தே சரிசெய்ய முடியுமா? ஒரே பழக்கலவையில் எல்லா ஜீரணக் கோளாறும் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

மலச்சிக்கலைப் பழத்தால் சரிசெய்ய வாய்ப்பு அதிகம். உப்புசத்துக்குச் சில பழங்கள் உதவும், சில பழங்கள் அதைக் கூட்டிவிடும். நெஞ்செரிச்சலுக்குப் பழம் மருந்தே அல்ல. இந்த மூன்றும் உருவாகும் விதம் வேறு வேறு என்பதால், மூன்றுக்கும் ஒரே கலவை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

மலச்சிக்கலோடு பல வருடம் மல்லுக்கு நின்றவன் நான். இன்றைக்கும் என் காலை உணவில் பழம் இல்லாத நாள் இல்லை. அதனால் அதைப் பற்றித்தான் நிறையச் சொல்லப்போகிறேன்.

முதலில் அப்பாவுக்கு இருப்பது மலச்சிக்கல்தானா என்று பாருங்கள். ஒரு நாள் போகவில்லை என்றாலே மலச்சிக்கல் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஒரு நாளைக்கு மூன்று முறை போவதும் வாரத்துக்கு மூன்று முறை போவதும் இயல்புதான். வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவு, முக்கி முக்கிப் போக வேண்டியிருப்பது, கட்டியாகவோ உருண்டை உருண்டையாகவோ வருவது, போய்வந்த பிறகும் முழுதாகப் போகாத உணர்வு, இவற்றில் குறைந்தது இரண்டு சில மாதங்களாகத் தொடர்ந்தால்தான் டாக்டர்கள் அதை நாள்பட்ட மலச்சிக்கல் என்கிறார்கள். பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. மலத்தின் தோற்றத்தை ஏழு வகையாகப் பிரித்துப் படம் போட்டிருப்பார்கள். 1, 2 என்றால் சிக்கல். 3, 4 என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இதைப் பற்றிப் பேச அப்பா கூச்சப்பட்டால் அந்தப் படத்தைக் காட்டி எண்ணை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

பெருங்குடலின் முக்கியமான வேலை தண்ணீரை உறிஞ்சுவது. மலம் அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு காய்ந்து இறுகும். பழம் இந்த இடத்தில் இரண்டு வழிகளில் உதவுகிறது. ஒன்று நார்ச்சத்து. அது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு மலத்துக்குப் பருமனும் மென்மையும் தருகிறது. மற்றொன்று சார்பிடால் என்ற சர்க்கரை ஆல்கஹால் (சர்க்கரை போன்ற ஒரு பொருள், போதை தரும் ஆல்கஹால் அல்ல). இது சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படுவதில்லை. மீதி குடலுக்குள்ளேயே தங்கி, தன்னோடு தண்ணீரையும் இழுத்துவைத்துக்கொள்ளும்.

இந்த இரண்டும் சேர்ந்தே இருப்பது உலர்ந்த பிளம் பழத்தில். ப்ரூன்ஸ் என்று கேட்டால் கிடைக்கும். 100 கிராமில் சுமார் 7 கிராம் நார்ச்சத்தும் 14, 15 கிராம் சார்பிடாலும் உண்டு. 2011-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 40 பேருக்கு, காலையும் மாலையும் 50 கிராம் உலர் பிளம்ஸை மூன்று வாரமும், இன்னொரு மூன்று வாரம் இசப்கோலும் கொடுத்துப் பார்த்தார்கள். இசப்கோல் டாக்டர்களே எழுதித்தரும் நார் மருந்து. அதைவிட உலர் பிளம்ஸ் சாப்பிட்ட வாரங்களில் மலம் அடிக்கடியும் மென்மையாகவும் போனது. பழத்தைப் பற்றி நாம் செவிவழியாக நம்பும் ஒரு விஷயம், மருந்தோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கப்பட்டு நிரூபணமானதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அடுத்தது பச்சை கிவி. ஒரு நாளைக்கு இரண்டு பழம். நியூசிலாந்து, இத்தாலி, ஜப்பான் மூன்று நாடுகளிலும் சேர்த்து நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வில், மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு இதுவும் இசப்கோலுக்குச் சளைக்காமல் வேலை செய்தது. கிவியின் நார் தண்ணீரில் நன்றாக உப்பும் தன்மை கொண்டது. கிவி சாப்பிட்டவர்களின் சிறுகுடலில் தண்ணீரின் அளவு கூடுவதை எம்ஆர்ஐ ஸ்கேனிலேயே பார்த்திருக்கிறார்கள்.

இரண்டில் எதை எடுப்பது? 2021-இல் அமெரிக்காவில் கிவி, உலர் பிளம்ஸ், இசப்கோல் மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றுமே உதவின. ஆனால் வயிற்றுத் தொந்தரவு குறைவாகவும், சாப்பிட்டவர்களுக்குத் திருப்தி அதிகமாகவும் இருந்தது கிவிக்குத்தான். உங்கள் அப்பாவுக்கு உப்புசமும் இருப்பதால் நான் கிவியைத்தான் சொல்வேன். சார்பிடால் பெருங்குடலுக்குப் போனால் அங்கிருக்கும் பாக்டீரியா அதை நொதிக்கவைத்து வாயுவாக்கிவிடும். அதனால் அவருக்கு உலர் பிளம்ஸ் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

எப்படிச் சாப்பிடுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. முதல் நாளே முழு அளவில் ஆரம்பித்தால் வயிறு பொருமும், 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று அதோடு நிறுத்திவிடுவார்கள். கிவி என்றால் ஒன்று, உலர் பிளம்ஸ் என்றால் இரண்டு மூன்று, இப்படித் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். தண்ணீரும் போதுமான அளவு குடிக்க வேண்டும். காலை உணவோடு சாப்பிடுவது எனக்குச் சரியாக வருகிறது. வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடம்பின் இயல்பு, அது காலையில் வலுவாக இருக்கும். அந்த நேரத்தில் உந்துதல் வந்தால் அடக்கக் கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் ஒரு குட்டி ஸ்டூல் போட்டு முழங்காலை உயர்த்தி உட்காரச் சொல்லுங்கள், முக்குவது குறையும். பலன் தெரிய மூன்று நான்கு வாரமாவது கொடுங்கள். மேலே சொன்ன ஆய்வுகளும் அந்த அளவு காலம் கொடுத்துத்தான் பார்த்தன.

சாறாகப் பிழிந்து கொடுக்காதீர்கள். வடிகட்டும்போது நார் போய்விடுகிறது, சர்க்கரை மட்டும் மிஞ்சுகிறது. உலர் பிளம்ஸ் சாறு மட்டும் விதிவிலக்கு, அதில் சார்பிடால் தங்கியிருக்கும் என்பதால் ஓரளவு வேலை செய்யும். மெல்ல முடியாதவர்களுக்கு அது பரவாயில்லை.

அப்புறம், இரண்டு பழம் மட்டும் நாள் முழுவதற்கும் போதாது. பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு கிவியில் கிடைப்பது நான்கைந்து கிராம்தான். மீதி காய்கறி, பருப்பு, முழு தானியத்திலிருந்து வர வேண்டும்.

சரி, உப்புசம். மலம் தேங்கி நிற்பதாலேயே வயிறு உப்பியிருந்தால், மலச்சிக்கல் தீரும்போது இதுவும் தானாகக் குறையும். அப்படி இல்லாமல், மலம் நன்றாகப் போகிற நாளிலும் உப்புசம் இருக்கிறது என்றால் அவர் சாப்பிடும் பழத்தையே சந்தேகப்படுங்கள். ஆப்பிள், பேரிக்காய், மாம்பழம், தர்பூசணி போன்றவற்றில் ஃப்ரக்டோஸ் அதிகம். அதைச் சிலரின் சிறுகுடல் முழுதாக உறிஞ்சாது. ஆப்பிளிலும் பேரிக்காயிலும் சார்பிடாலும் சேர்ந்துகொள்ளும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இந்த வகைச் சர்க்கரைகளை ஃபாட்மேப் என்று பெயரிட்டு ஆராய்ந்தார்கள். குடல் எரிச்சல் நோய் (ஐபிஎஸ்) உள்ளவர்களில் பலருக்கு இவற்றைக் குறைத்தால் உப்புசமும் வலியும் குறைகின்றன. அவர்களுக்கு ஆரஞ்சு, கிவி, பப்பாளி, அன்னாசி, அதிகம் கனியாத வாழைப்பழம் பொதுவாக ஒத்துக்கொள்ளும். நல்ல பழம், கெட்ட பழம் என்று இதில் இல்லை. ஒருவரின் குடலுக்கு எது சேருகிறது என்பதுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு பழம் சாப்பிட்டால் இரைப்பையில் அழுகிவிடும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரைப்பை அமிலத்தில் அப்படியெல்லாம் அழுகாது. நொதித்தல் பெரும்பாலும் நடப்பது பெருங்குடலில். முன்னால் சாப்பிட்டாலும் பின்னால் சாப்பிட்டாலும் மிச்சமெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும்.

பப்பாளியிலும் அன்னாசியிலும் புரதத்தை உடைக்கும் என்ஸைம்கள் இருப்பது உண்மை. சமைக்காத அன்னாசியைப் போட்டால் ஜெலட்டின் ஜெல்லி உறையாமல் போவது அதனால்தான். ஆனால் அதே வேலையைச் செய்ய நம் இரைப்பையும் கணையமும் போதுமான என்ஸைம்களைச் சுரக்கின்றன. ஆரோக்கியமான ஒருவரின் அஜீரணம் பப்பாளி என்ஸைமால் தீரும் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. பப்பாளியைப் பழமாக, நாருக்காகச் சாப்பிடலாம். அதற்காகவே சாப்பிடத் தகுந்ததுதான்.

நெஞ்செரிச்சலுக்கு வருகிறேன். இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுவதால் வருவது அது. இதற்கு ஆரஞ்சு, எலுமிச்சை, அன்னாசி பலருக்கு எரிச்சலைக் கூட்டும். வாழைப்பழமும் முலாம்பழமும் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது, ஆனால் குணப்படுத்தவும் செய்யாது. உதவுபவை வேறு: சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது படுக்காமல் இருப்பது, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவது, எடை அதிகம் என்றால் குறைப்பது, புகை பிடித்தால் விடுவது. மேல்வயிற்று எரிச்சலோடு வலியும் இருந்தால் புண்ணாகக்கூட இருக்கலாம். இரைப்பைப் புண்ணுக்குப் பெரிய காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. 1982-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டுபிடித்து, 2005-இல் நோபல் பரிசு பெற்றது இதற்காகத்தான். அதை ஒழிக்க ஆண்டிபயாடிக் வேண்டும், எந்தப் பழமும் அதைச் செய்யாது. ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை அடிக்கடி போடுவதும் புண்ணை உண்டாக்கும்.

மாத்திரை என்றதும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நெஞ்செரிச்சலுக்கு அப்பா ஏதாவது ஆன்டாசிட் (அமிலத்தைத் தணிக்கும் மருந்து) எடுக்கிறாரா? அலுமினியமோ கால்சியமோ உள்ள ஆன்டாசிட் மலச்சிக்கலை உண்டாக்கும். இரும்புச் சத்து மாத்திரை, கோடீன் போன்ற வலி மருந்து, வெராபமில் போன்ற ரத்த அழுத்த மருந்து இவையும் அப்படித்தான். காரணம் அங்கே இருந்தால் எத்தனை கிவி சாப்பிட்டும் பாதி பலன்தான் கிடைக்கும். அவர் எடுப்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள், தானாக எதையும் நிறுத்த வேண்டாம்.

பழத்துக்கும் எச்சரிக்கை உண்டு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் பொட்டாசியம் அதிகமுள்ள வாழைப்பழம், உலர் பிளம்ஸ், கிவி எல்லாவற்றையும் டாக்டரைக் கேட்டே கொடுக்க வேண்டும். நட்சத்திரப் பழம் அவர்களுக்குக் கூடவே கூடாது, மூளையைப் பாதிக்கும் நச்சு அதில் இருக்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் உலர் பிளம்ஸின் அளவைக் கவனியுங்கள். கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர் கிரேப்ஃப்ரூட் சாப்பிடும் முன் கேட்டுக்கொள்வது நல்லது, சில ஸ்டாட்டின்களின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடும். கிவி சாப்பிட்டதும் வாய் அரித்தாலோ உதடு வீங்கினாலோ அலர்ஜி என்று நிறுத்திவிடுங்கள். ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம்.

இனி உங்கள் அப்பாவுக்கு. இந்த வயதில் சில மாதங்களாகப் புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல் என்றால், பழம் பலன் தருகிறதோ இல்லையோ, ஒரு முறை டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். பெருங்குடல் புற்றுநோய் இல்லை, தைராய்டு குறைவு இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான். மலத்தில் ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, விழுங்கும்போது அடைப்பது, விடாத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். வயிறு வீங்கி, வாயுகூடப் பிரியாமல், வாந்தியும் எடுத்தால் பழமோ மலமிளக்கியோ எதுவும் கொடுக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அப்படி எதுவும் இல்லை, சிறுநீரகமும் சரி என்றால் கிவியை இன்றே தொடங்கலாம். மாத்திரை வேண்டாம் என்கிறவர் டாக்டரிடமும் வர மறுக்கலாம். பரிசோதனைக்கு மட்டும்தான் போகிறோம், மருந்து எடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு வந்த பிறகு நீங்களே சொல்லுங்கள் என்று பேசிப்பாருங்கள்.