மந்தைவெளியில் வேலி விழுந்தால் அம்மாவின் ஆடுகளுக்கு என்ன வழி?

கேள்வி: மதுரைப் புறநகரை ஒட்டிய கிராமம் எங்களுடையது. 68 வயதாகும் அம்மா நான்கு வெள்ளாடுகள் வைத்திருக்கிறார். ஊர் ஆடுமாடுகள் மேயும் மந்தைவெளியில் பிளாட் போடுகிறவர்கள் வேலி போடத் தொடங்கிவிட்டார்கள். ஆடுகளை விற்றுவிட்டுச் சென்னைக்கு வாருங்கள் என்றால் மறுக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா மறுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. வளர்ந்த வெள்ளாடு நாளுக்கு மூன்று, நான்கு கிலோ பசுந்தீவனம் தின்னும். நான்கு ஆட்டுக்கும் தினமும் ஒரு பெரிய கட்டு வேண்டும். மந்தைவெளி அதைச் சும்மா கொடுக்கிறது. புல் காய்ந்த கோடையில் கருவேல நெற்று உதிரும். திரும்பும்போது தலையில் சுள்ளிக்கட்டு, மழைக்காலத்தில் ஒரு மடி பண்ணைக்கீரை, ஆடி வந்தால் வேப்பமுத்து. இந்த வயதில் அவரைச் சித்தாள் வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? முதியோர் உதவித்தொகையை 2023-இல் உயர்த்தியபோதே அது 1,200 ரூபாய்தான். ஆத்திர அவசரத்துக்கு ஒரு கிடாயைப் பிடித்து விற்க முடிவதால்தான் உங்களிடம் கேட்காமல் காலம் தள்ளுகிறார்.

சரி, நிலத்துக்கு வருவோம். ஊரார் மந்தைவெளி என்று சொல்வதெல்லாம் பதிவேட்டில் அப்படி இருக்காது. புல எண்ணை (சர்வே எண்) கேட்டு வாங்கி, அரசின் நில ஆவண இணையதளத்தில் நிலத்தின் வகையைக் காட்டும் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். ‘மேய்ச்சல் புறம்போக்கு’ என்றிருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, அதாவது வரி நிர்ணயித்தும் சாகுபடி இல்லாத அரசு நிலம் என்றிருந்தால், அரசு அதைப் பிறருக்கு ஒப்படை செய்ய இடமுண்டு, வாதம் பலவீனம்தான். தனியார் பெயரில் பட்டா இருந்தால் வக்கீலைப் பாருங்கள்.

மேய்ச்சல் புறம்போக்குதான் என்றால், 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நடவடிக்கை கேட்டு தாசில்தாரிடம் மனு கொடுங்கள். அம்மாவின் கஷ்டத்தை ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம். புல எண், பரப்பு, வேலியின் போட்டோ, அங்கே மேய்க்கிற பத்துப் பேரின் கையெழுத்து, இவைதான் பேசும். ரசீது வாங்காமல் வராதீர்கள். மேய்ச்சல் நிலம் வேறு வகைக்கு மாற்றப்பட்டுவிட்டது என்று வாய்மொழியாகச் சொன்னால், தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள். எவ்வளவோ செலவழித்துக் கட்டிவிட்டோம் என்று வேலி போட்டவர்கள் சொல்வார்கள். பஞ்சாபில் ஊர்க்குளத்தைத் தூர்த்த ஜக்பால் சிங் வழக்கில், நெடுங்காலம் அனுபவித்து வந்ததும் கட்டுமானச் செலவும் நியாயமாகாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம், மந்தைவெளியை மீட்கச் சொல்லி அடுத்த கிராம சபையில் தீர்மானம் போட வையுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஊர் மாநகராட்சியோடு இணைந்துவிட்டால் கிராம சபையும் இல்லை, நூறு நாள் வேலையும் இல்லை.

தாலுகா ஆபீஸ் வேகம் தெரிந்ததுதான். அதுவரை கிடாய்களை விற்றுவிட்டு இரண்டு பெட்டை ஆடுகளை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டு வேலியோரம் அகத்தி ஊன்றினால் பாதித் தீவனம் கையருகே கிடைக்கும். குருத்தாக இருக்கும்போது ஆடுகள் எட்டாதபடி முள் போட்டு வையுங்கள்.