வாசகர் கேள்வி – பதில்: காகிதத்துக்கு ஈரம் ஆகாது

தமிழ்ப்பள்ளியில் ஓவியமும் கைவேலையும் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை, சுங்கை சிப்புட்டிலிருந்து பதில் அளிக்கிறார்.

மூன்று ஆண்டுகளாக வாழ்த்து அட்டை செய்கிறேன். வண்ணத்தாள், ரிப்பன், முத்து என்று வாங்கி வாங்கி அலமாரியும் கட்டிலடியும் நிறைந்துவிட்டன. உட்கார்ந்தால் தேடிய பொருள் கிடைப்பதில்லை. போன மாதம் நல்ல தாள்களில் பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, தாப்பா

கட்டிலடியிலிருந்து தொடங்குங்கள் அம்மா. புள்ளி விழுந்த தாள்கள் அங்கே இருந்தவையாகத்தான் இருக்கும். சிமெண்டுத் தரையை ஒட்டிய இடத்தில் காற்று ஓடாது. மாலை மழையின் ஈரம் அங்கேயே தங்கிவிடும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் அப்படித்தான்.

நான் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டில் வளர்ந்தவள். அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுக்கப் போன பிறகு, அரிசிக்கஞ்சியைப் பசையாக்கித் தீபாவளி அட்டை ஒட்டுவேன். ஓராண்டு பதினெட்டு அட்டைகளை முன்கூட்டியே செய்து பெட்டிக்கு அடியில் வைத்தேன். தீபாவளிக்கு முதல் வாரம் எடுத்துப் பார்த்தால், பசை இருந்த இடமெல்லாம் இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. கஞ்சியும் மைதாவும் அதற்கு விருந்து என்று அப்போது எனக்குத் தெரியாது. அன்று அழுதது இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

வெயில் உள்ள ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் பாயில் கொட்டுங்கள். நிறம் பார்த்துப் பிரிக்காதீர்கள், கை செய்யும் வேலையைப் பார்த்துப் பிரியுங்கள்: வெட்டுபவை ஒரு பக்கம், ஒட்டுபவை ஒரு பக்கம், எழுதுபவையும் அச்சு குத்துபவையும் ஒரு பக்கம், அழகுக்கு வைப்பவை ஒரு பக்கம். ஒட்டும்போது உங்கள் கை பசையைத்தான் தேடும், சிவப்பு நிறத்தை அல்ல.

தாள்களைப் படுக்கை வசமாக அடுக்குங்கள். தளர்வாக நிறுத்தி வைத்தால் நம் ஊர் ஈரத்தில் முதுகு வளைந்துவிடும். மூடி இறுக்கமான பெட்டி நல்லது. ஆனால் மழை பெய்யும் மாலையில் அதை மூடாதீர்கள், ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுவதாகும். காய்ந்த நண்பகலில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள். நிறம் மாறும் சிலிக்கா மணிகள் வாங்கினால் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் வேண்டாம்.

ரிப்பன் சுருளுக்கு ரப்பர் வளையம் போடாதீர்கள். பால்மரம் சோறு போட்ட ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன்: வெப்பத்தில் ரப்பர் இளகி, ரிப்பனோடு ஒட்டி, கறையை விட்டுத்தான் போகும். பழைய புடவைக் கரையில் ஒரு கீற்றுக் கிழித்துக் கட்டுங்கள். முத்துகளுக்கு மைலோ டின்னைவிடக் கண்ணாடிப் புட்டி மேல், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

இன்னொன்று. பாதி அலமாரி காலியாகும் வரை புதிதாக ஒரு தாளும் வாங்க வேண்டாம். நம் தட்பவெப்பத்தில் காகிதம் சேமிப்புப் பொருள் அல்ல. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மூன்று வெள்ளிக்குக் கிடைக்கிறது என்று அள்ளி வருவதைப் பூஞ்சைதான் அனுபவிக்கும். எவ்வளவு பிடித்த தாளோ அவ்வளவு சீக்கிரம் அதை அட்டையாக்கி அனுப்பிவிடுங்கள்.

அட்டையை மடித்தால் மடிப்பில் வெடித்து வெள்ளை தெரிகிறது. மலிவான தாள்தான் காரணமா?
– வாசகர், பீடோர்

இல்லை தம்பி. காகிதத்துக்கும் மரத்தைப் போல நாரோட்டம் உண்டு. தாளை இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த மடிப்புக்கோட்டின் திசையில்தான் நாரோடுகிறது. மடிப்பு அதற்கு இணையாக விழ வேண்டும்.

கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். அதை அப்படியே இரண்டாக மடித்தால் நாருக்குக் குறுக்கே மடிப்பு விழுந்து வெடிக்கும். முதலில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடியுங்கள். மடிப்பு நாரோடு போகும், ஒரே தாளில் 105க்கு 148 மில்லிமீட்டர் அளவில் இரண்டு அட்டைகளும் கிடைக்கும். சி6 உறைக்குள் அவை சரியாக அமரும். 200 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனம் போதும். மடிக்கும் முன் அளவுகோல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் ஒரு கோடு அழுத்திவிடுங்கள்.

பால்மர இலையை நரம்பு மட்டும் நிற்கும்படி வலைபோல ஆக்கி அட்டையில் ஒட்டுகிறார்களே, வீட்டில் செய்யலாமா?
– மாணவி, கோலக் கங்சார்

தாராளமாகச் செய்யலாம். தளிர் வேண்டாம், முற்றிய பச்சை இலையாக எடு. வாளித் தண்ணீரில் சில வாரம் ஊறவிட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்று. சதை அழுகிக் கழன்றதும் மென்மையான பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, நாளிதழ்களுக்கு நடுவே வைத்துக் காய வை. நாற்றம் அடிக்கும், பொறுத்துக்கொள். ஆனால் வாளியை இறுக்கி மூடாமல் விடக் கூடாது. ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தண்ணீர் போதும். டெங்கிக் காய்ச்சலை வரவழைத்து அட்டை செய்ய வேண்டாம்.

சலவைச் சோடாவில் வேகவைத்தால் சீக்கிரம் ஆகும். அதை அம்மாவோ அப்பாவோ கையுறை போட்டுச் செய்யட்டும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சோடா அதை அரித்துவிடும்.

எங்கள் பக்கம் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களே அதிகம். உன் ஊரில் இன்னும் மரம் நிற்கிறது என்றால், இலை எடுக்கும் முன் தோட்டத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

முதல் வாழ்த்து அட்டையைச் செய்தவர் யார்?
– வாசகர், தைப்பிங்

முதல் என்று ஒன்றைச் சொல்வது கடினம், கையால் செய்து கொடுப்பது மிகப் பழைய வழக்கம். அச்சடித்து விற்ற முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்றால், 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹோர்ஸ்லியைக் கொண்டு வரையச் செய்தது.

வீட்டில் நூற்றுக்கும் மேல் பழைய கல்யாணப் பத்திரிகைகள். பிள்ளையார் படம் இருப்பதால் தூக்கிப் போட மனம் வரவில்லை.
– வாசகி, கூலிம்

தூக்கிப் போடவே வேண்டாம். அந்தத் தடித்த தாளும் தங்க முலாம் பூசிய குத்துவிளக்கும் மாவிலைத் தோரணமும் காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காது. பிள்ளையார் படத்தை ஓரம் விட்டு முழுதாக வெட்டிப் புது அட்டையின் முகப்பில் ஒட்டுங்கள். பின்பக்கம் பெயர் அச்சாகியிருந்தால் அதன் மேல் வெள்ளைத்தாள் ஒட்டலாம்.

கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஒரு வேலை. உங்கள் அம்மா அப்பாவின் பத்திரிகை, உடன்பிறந்தவர்களின் பத்திரிகை, இப்போது ஆள் சிதறிப்போன தோட்டங்களின் முகவரி அச்சான பத்திரிகைகள், இவற்றைத் தனியே எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போடுங்கள். என் அக்காவின் பத்திரிகையை அறியாமல் வெட்டிவிட்டேன். கீழே இருந்த லயத்து வீட்டு எண்ணை இன்று வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை.