பாதி வீடு, பாதிக் கப்பல்

அன்புள்ள ஐயா,

ட்ராய்ப் போரைப் பாடும் ஹோமரின் காவியம் இலியட் வாசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் காண்டத்துக் கப்பல் பட்டியலில் புரோடெசிலாவஸ் என்று ஒருவன் வருகிறான். ட்ராய் கரையில் முதல் ஆளாகக் குதிக்கிறான், உடனே கொல்லப்படுகிறான். அவ்வளவுதான். அவனைப் போய் கிரேக்கர்கள் ஏன் கோயில் கட்டிக் கும்பிட்டார்கள்?

கே.

அன்புள்ள கே.,

அந்த இடத்தை இன்னொரு முறை மெதுவாக வாசியுங்கள். கிரேக்கத்தின் தெசலிப் பகுதியிலிருந்து 40 கப்பல்களோடு வந்தவனுக்கு ஹோமர் தருவது சில வரிகள்தான். அதற்குள் அவன் மனைவி வந்துவிடுகிறாள். ஊரில் இரண்டு கன்னங்களையும் கீறிக்கொண்டு அழுகிறாள். கூடவே ‘பாதி முடிந்த வீடு’ என்று ஒரு சொல். கட்டி முடிக்காத வீடு என்றும், பிள்ளை பிறக்காத குடும்பம் என்றும் உரை சொல்வார்கள். எனக்கு இரண்டுமே கேட்கிறது.

பதினைந்தாம் காண்டத்தில், தீ வைக்க வரும் ட்ராய் இளவரசன் ஹெக்டரின் கையில் சிக்குவது இவனுடைய கப்பல். அவனை ட்ராய்க்குக் கொண்டுவந்த கப்பல், திருப்பிக் கொண்டுபோகாத கப்பல் என்கிறார் ஹோமர். அப்புறம் கிரேக்க வீரன் பட்ரோக்ளஸ் வந்து தீயை அணைக்கும்போது அது பாதி எரிந்து நிற்கிறது. கிரேக்கத்தில் அந்த வீட்டுக்கும் இந்தக் கப்பலுக்கும் வரும் சொற்கள் ஒரே ‘பாதி’யில்தான் தொடங்குகின்றன. பல வாசிப்புக்குப் பிறகுதான் இது என் கண்ணில் பட்டது. அன்று அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

சரி, கோயில். முதலில் இறங்குபவன் சாவான் என்று குறி சொல்லியிருந்ததாகப் பிற்காலக் கதைகள் சொல்லும். எல்லோரும் தயங்க, இவன் குதித்தான். ஹெலஸ்பான்ட் (இன்றைய டார்டனெல்ஸ் நீரிணை) கடற்கரையில், எலாயஸ் என்ற ஊரில் அவன் சமாதியும் அதையொட்டிக் கோயிலும் இருந்தன. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்: பாரசீக ஆளுநன் அர்ட்டாயிக்டெஸ் மன்னன் செர்க்ஸஸிடம், “உங்கள் நாட்டின்மேல் படையெடுத்துச் செத்த ஒரு கிரேக்கனின் வீடு இங்கே இருக்கிறது, அதை எனக்குக் கொடுங்கள்” என்று கேட்டான். ஆசியா முழுவதும் தங்களுடையது என்பது பாரசீகர்களின் எண்ணம், அதனால் ட்ராயும் ‘உங்கள் நாடு’. மறுபடியும் வீடு! விவரம் தெரியாமல் மன்னன் கொடுத்தான். அர்ட்டாயிக்டெஸ் கோயிலைக் கொள்ளையடித்தான்.

பாரசீகப் படை தோற்றபின் கிரேக்கர்கள் அவனைப் பிடித்தார்கள். காவலாளி ஒருவன் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தான். நெருப்பில் அது அப்போது பிடித்த மீன்போலத் துள்ளியது. பயந்துபோனவனிடம் அர்ட்டாயிக்டெஸ் சொன்னான்: “இது உனக்கு இல்லை. செத்துக் கருவாடாய்க் காய்ந்தாலும் என்னைத் தண்டிக்கத் தனக்குச் சக்தி உண்டு என்று புரோடெசிலாவஸ் எனக்குக் காட்டுகிறான்.”

கிரேக்கர்களுக்கு ‘ஹீரோ’ என்பவன் இப்படித்தான், சமாதிக்குள் இருந்தும் கை நீட்டக்கூடியவன். கி.மு. 334இல் ஆசியாவுக்குக் கடல் கடக்கும் முன் அலெக்சாண்டர் அதே சமாதியில் பலி கொடுத்தான். தான் கரையிறங்குவது புரோடெசிலாவஸ் இறங்கியதைவிட நல்லபடியாக அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கப்பல் ஏறினான்.