"எக்செல்ல தமிழ் வரல"ன்னு மூணு தடவை கேட்டும் ஏன் பதில் வரல?

கேள்வி: வணக்கம் அண்ணா. தஞ்சாவூர் பக்கத்துல சின்னதா ஒரு டியூஷன் சென்டர் வச்சிருக்கேன். பிள்ளைங்க பேரு, அப்பா அம்மா பேரு எல்லாத்தையும் கூகுள் ஃபார்ம்ல தமிழ்லயே வாங்கினேன். அதை டவுன்லோட் பண்ணி எக்செல்ல திறந்தா பேரெல்லாம் கண்டபடி வருது. ஒரு கம்ப்யூட்டர் குரூப்ல "எக்செல்ல தமிழ் வரல, ஃபான்ட் பிரச்சனை, யாராவது ஹெல்ப் பண்ணுங்க, அர்ஜென்ட்"னு மூணு தடவை போட்டேன். ஒருத்தர் மட்டும் ஃபான்ட் இன்ஸ்டால் பண்ண சொன்னாரு, மூணு ஃபான்ட் போட்டும் அப்படியேதான் இருக்கு. மத்தவங்க பாத்துட்டு போயிடுறாங்க. நான் கேக்குற விதம் தப்பா? இங்கிலீஷ்ல கேட்டாதான் பதில் சொல்லுவாங்களா?

பதில்: முதல்ல மனசுல இருந்து ஒண்ண எடுத்துடுங்க சகோதரி, அவங்க யாரும் உங்களை மதிக்காம போகல. பதில் தெரிஞ்ச ஆளு பஸ்ல போறப்பவோ ஆபீஸ்ல சாப்பிடுற நேரத்துலயோ ரெண்டு நிமிஷம் போனை பாக்குறாரு, உங்க கேள்வியை படிக்கிறாரு, இதுக்கு பதில் சொல்லணும்னா நாலு கேள்வி திருப்பி கேக்கணுமேன்னு தோணுது, அப்புறம் பாத்துக்கலாம்னு கீழ தள்ளிடுறாரு, அந்த அப்புறம் வரவே வராது. தெரிஞ்சும் சொல்ல முடியாத மாதிரி கேள்வி இருந்துச்சு, அவ்வளவுதான். இது உங்க ஒருத்தருக்கு நடக்குறது இல்ல, இந்த தமிழ் எழுத்து பிரச்சனைக்கு பல வருஷமா பதில் எழுதிட்டு இருக்கேன், வர்ற கேள்வியில பாதி இப்படித்தான் வருது.

"தமிழ் வரல"ங்கற ரெண்டே வார்த்தைக்குள்ள எத்தனை விதமான கோளாறு இருக்குன்னு சொல்றேன், அப்ப உங்களுக்கே புரியும்.

தமிழுக்கு பதிலா கட்டம் கட்டமா வருதுன்னா அந்த மெஷின்ல தமிழ் ஃபான்ட் இல்ல, எழுத்து உள்ள பத்திரமா இருக்கு, காட்டத்தான் ஆளில்ல. விண்டோஸ் 8-ல இருந்தே நிர்மலா யூஐன்னு ஒரு ஃபான்ட் கூடவே வர்றதால இது இப்ப ரொம்ப கம்மி. வெறும் கேள்விக்குறியா வரிசையா நிக்குதுன்னா அது பெரிய விஷயம், எழுத்தே அழிஞ்சு போச்சு, அந்த ஃபைல்ல இருந்து எந்த கொம்பனாலயும் திருப்பி எடுக்க முடியாது, மூல ஃபைலுக்குத்தான் போகணும். இங்கிலீஷ் எழுத்தா வருது ஆனா படிச்சா அர்த்தமே இல்ல, ஜே, கே, பி, ஓ, பக்கத்துல ஒரு செமிகோலன், இப்படி வருதுன்னா அது பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது (நான் சொன்ன அஞ்சும் சேந்தா பாமினில 'தமிழ்'னு வரும்), அதை கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடுக்கு, அதாவது இப்ப எல்லா மெஷினுக்கும் பொதுவா இருக்க எழுத்துமுறைக்கு, மாத்தணும். எழுத்து வருது ஆனா கொம்பும் காலும் தனித்தனியா பிரிஞ்சு நிக்குதுன்னா டேட்டாவுல ஒரு குறையும் இல்ல, அந்த சாஃப்ட்வேருக்கு தமிழை சேத்து எழுதத் தெரியல, பழைய டிசைன் சாஃப்ட்வேர்ல இதை நிறைய பாக்கலாம்.

அஞ்சாவது ஒண்ணு இருக்கு, உங்களோடது அதுதான்னு கிட்டத்தட்ட நிச்சயமா சொல்லுவேன். சின்ன ஏ எழுத்துக்கு மேல சாஞ்ச கோடு ஒண்ணு, பக்கத்துலயே வட்டத்துக்குள்ள ஆர், கம்பெனி பேரு ஓரத்துல போடுவாங்களே அந்த ஆர், இந்த ஜோடி திரும்பத் திரும்ப வரும். யூடிஎஃப்-8ங்கறது யூனிகோட் எழுத்தை ஃபைல்ல சேமிக்கிற ஒரு முறை, அதுல ஒவ்வொரு தமிழ் குறிக்கும் 3 பைட் (பைட்னா கம்ப்யூட்டர் சேமிக்கிற சின்ன அளவு). 'தமிழ்'ங்கற சொல்லை எடுத்துக்கிட்டா த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளின்னு 5 குறி, மொத்தம் 15 பைட். தமிழுக்கு ஒதுக்கின இடத்துல இருக்க எல்லா குறிக்கும் முதல் பைட் ஒண்ணுதான், ரெண்டாவது பைட் ரெண்டே விதம்தான். அதனால ஒரு சாஃப்ட்வேர் இதை பழைய இங்கிலீஷ் எழுத்துமுறைன்னு நினைச்சு பைட் பைட்டா படிச்சா, மூணு எழுத்துக்கு ஒரு தடவை அந்த கோடு போட்ட ஏ வந்தே தீரும், அதுக்கு அடுத்து பெரும்பாலும் அந்த ஆர், சில இடத்துல அதுக்கு பதிலா மேல ஒரு சின்ன கோடு. அந்த ஜோடியை பாத்த உடனே விஷயம் தெரிஞ்சவங்களுக்கு புரிஞ்சிடும், எழுத்து அழியல, தப்பா படிக்குதுன்னு. ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தா உங்களுக்கு பத்து நிமிஷத்துல பதில் வந்திருக்கும், உண்மையா சொல்றேன்.

இப்ப உங்க கேள்வியை திரும்ப படிங்க. என்ன பாத்தீங்கன்னு அதுல இல்ல, என்ன நினைச்சீங்கன்னு இருக்கு. "ஃபான்ட் பிரச்சனை"ங்கறது நீங்களா முடிவு பண்ணது. அந்த நல்ல மனுஷன் அதை நம்பி ஃபான்ட் போட சொல்லிட்டாரு, நீங்களும் மூணு ஃபான்ட் போட்டுட்டீங்க, அவர் மேலயும் தப்பில்ல உங்க மேலயும் தப்பில்ல. கண்ணு பாத்ததை அப்படியே எழுதுங்க, காரணம் இதுவா இருக்குமோன்னு தோணுச்சுன்னா அதை கடைசியில தனியா "எனக்கு ஃபான்டா இருக்குமோன்னு சந்தேகம்"னு போடுங்க. நான் எழுதியிருந்தா இப்படி எழுதியிருப்பேன் (இதுல வர்ற சிஎஸ்விங்கறது கமா போட்டுப் பிரிச்ச வெறும் டெக்ஸ்ட் ஃபைல், ஃபார்ம்ல இருந்து டவுன்லோட் பண்ணா அதுதான் வரும்):

"கூகுள் ஃபார்ம்ல வாங்கின தமிழ் பேரு, சிஎஸ்வி ஃபைலை எக்செல்ல திறந்தா குப்பையா வருது. ஃபார்ம்ல இருந்து ரெஸ்பான்ஸை சிஎஸ்வியா டவுன்லோட் பண்ணேன். அதை டபுள் கிளிக் பண்ணி எக்செல் 2016-ல திறந்தேன், விண்டோஸ் 10. கவிதாங்கற பேரு இருக்க வேண்டிய இடத்துல என்ன வருதுன்னு ஸ்கிரீன்ஷாட்ல காட்டியிருக்கேன். அதே ஃபைலை நோட்பேட்ல திறந்தா தமிழ் ஒழுங்கா தெரியுது. மூணு ஃபான்ட் மாத்தி பாத்தேன், ஒண்ணும் மாறல. 40 பிள்ளைங்களுக்கு ஐடி கார்டு அடிக்கணும், அதுக்குத்தான் இந்த லிஸ்ட்."

ஏழு வாக்கியம்தான். முதல் வரியை மட்டும் படிச்சாலே இது நம்ம ஏரியாவா இல்லையான்னு படிக்கிறவருக்கு தெரிஞ்சிடுது, "ஹெல்ப் ப்ளீஸ்"னு ஆரம்பிச்சா அது தெரியாது. நோட்பேட் வரி இருக்கு பாருங்க, அதுதான் உயிர்நாடி, ஒரு இடத்துல சரியா வருது ஒரு இடத்துல வரலன்னு சொல்லிட்டா தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல குறைஞ்சிடும். அதனால கேக்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் செலவு பண்ணி வேற சாஃப்ட்வேர்ல, வேற மெஷின்ல, போன்ல திறந்து பாருங்க, எங்க வேலை செய்யுது எங்க செய்யலன்னு எழுதுங்க. ஏற்கனவே என்னென்ன முயற்சி பண்ணீங்கன்னும் எழுதிடுங்க, இல்லன்னா வர்ற முதல் மூணு பதிலும் ஃபான்ட் போடுங்கன்னுதான் இருக்கும்.

கடைசி வாக்கியத்தை, அந்த ஐடி கார்டை, ரொம்ப பேரு விட்டுடுவாங்க. எதுக்காக இது வேணும்னு சொல்லாம நடுவுல மாட்டின இடத்தை மட்டும் கேப்பாங்க. உங்களுக்கு வேண்டியது சிஎஸ்வி இல்ல, எக்செல்ல ஒரு பேரு லிஸ்ட். அது தெரிஞ்சா பதில் சொல்றவரு "ஏங்க சிஎஸ்வி பக்கமே போறீங்க, ஃபார்ம் ரெஸ்பான்ஸை கூகுள் ஷீட்ஸ்ல திறந்து, ஃபைல் மெனுவுல டவுன்லோட் போயி எக்செல் ஃபைலாவே இறக்குங்க, முடிஞ்சது"ன்னு சொல்லிடுவாரு. சிஎஸ்வியே வேணும்னா, காலி எக்செல் திறந்து, டேட்டாங்கற டேப்ல டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வில இருந்து எடுக்குற ஆப்ஷனை அமுக்கி, ஃபைல் ஆரிஜின்னு கேக்குற இடத்துல 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து லோட் குடுங்க. டபுள் கிளிக் பண்ணா மட்டும் ஏன் கெடுதுன்னா, ஃபைலோட தலையில இது யூடிஎஃப்-8 தான்னு ஒரு அடையாளம் இல்லாட்டி எக்செல் பழைய எழுத்துமுறைன்னு எடுத்துக்கும், அவ்வளவுதான்.

ஸ்கிரீன்ஷாட் பத்தி ஒண்ணு. எழுத்து எப்படி தெரியுதுங்கற பிரச்சனைக்கு படம் அவசியம். ஆனா எர்ரர் மெசேஜ் வந்தா அதை டெக்ஸ்டா காப்பி பண்ணி போடுங்க, தமிழ்ப்படுத்தாதீங்க, சுருக்காதீங்க, அப்பதான் பதில் சொல்றவரு அதை அப்படியே தேடிப் பாக்க முடியும். மானிட்டரை போன்ல போட்டோ எடுத்து, அதுல டியூப்லைட் வெளிச்சம் அடிச்சு, பாதி வரி வெட்டுப்பட்டு வர்ற படத்தை வச்சுக்கிட்டு யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. இன்னொண்ணு, இதை கெஞ்சி கேட்டுக்குறேன், பிள்ளைங்க பேரு, அப்பா போன் நம்பர், ஆதார் நம்பர் இருக்க நிஜ லிஸ்டை முன்ன பின்ன தெரியாத ஆளுங்க நூறு பேரு இருக்க இடத்துல போடாதீங்க. கவிதா, முருகன்னு ரெண்டு கற்பனை பேரு வச்சு ரெண்டு வரி ஃபைல் ஒண்ணு புதுசா செஞ்சு, அதுலயும் அதே கோளாறு வருதான்னு பாத்து, அதை போடுங்க. இப்படி சின்னதா செஞ்சு பாக்கும்போதே பாதி பேருக்கு தப்பு எங்கன்னு அவங்களுக்கே தெரிஞ்சு போயிடும், எனக்கே பல தடவை நடந்திருக்கு, கேள்வியை எழுதி முடிக்கிறதுக்குள்ள பதில் கிடைச்சு கேள்வியை அழிச்சிருக்கேன்.

இங்கிலீஷ் பத்தி கேட்டீங்க. தமிழ் பேசுற இடத்துல தாராளமா தமிழ்ல கேளுங்க, திறந்தேன், வந்துச்சு, மாறலன்னு நடந்ததை நடந்த வரிசையில சொல்றதுக்கு தமிழை விட எது வசதி. 2008-ல ஆரம்பிச்ச ஸ்டாக் ஓவர்ஃப்ளோங்கற புரோகிராமிங் கேள்வி-பதில் வெப்சைட் மாதிரி இடத்துல இங்கிலீஷ்லதான் கேக்கணும், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், ரஷ்யன், ஜப்பானீஸுக்கு அங்க தனித்தனி தளம் இருக்கு, தமிழுக்கு இல்ல. அங்க போனாலும் கிராமர் தப்பா இருக்கேன்னு கூச்சப்படாதீங்க, நான் மேல எழுதின அதே ஏழு வாக்கியத்தை சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமா எழுதினா போதும்.

"அர்ஜென்ட்"னு போடுறது வேலைக்கு ஆகாது, அவசரம் உங்களுக்குத்தான், நாளைக்கு காலையில கார்டு பிரிண்டுக்கு போகணும்னு காரணத்தோட சொன்னா அது வேற. "எக்செல் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா"ன்னு மட்டும் கேட்டுட்டு காத்திருக்காதீங்க, இருக்கேன்னு கை தூக்கினா என்ன தலையில விழுமோன்னு பயந்து யாரும் தூக்க மாட்டாங்க.

நீங்க கேக்கல, ஆனாலும் சொல்லிடுறேன், ஏன்னா இன்னும் ஆறு மாசத்துல நீங்களே அங்க பதில் சொல்ற ஆளா இருப்பீங்க. பதில் சொல்றதுலயும் இதே கவனம் வேணும், சொல்லப் போனா அதிகமாவே வேணும். சில வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் கிட்டத்தட்ட உங்க மாதிரியே கேட்டாரு, ஊர்க் கோயில் நன்கொடை லிஸ்ட், தமிழ்ல கைப்பட டைப் அடிச்சது. நான் அவசரத்துல, அவர்கிட்ட இருக்கது என்ன ஃபைல்னு கூட கேக்காம, "சிஎஸ்வியா சேவ் பண்ணி திரும்ப திறந்து பாருங்க"ன்னு ஒரு வரி போட்டுட்டு போயிட்டேன். எக்செல்ல ரெண்டு விதமான சிஎஸ்வி சேவ் இருக்கு, யூடிஎஃப்-8னு போட்டிருக்கது ஒண்ணு, சாதாரணமானது ஒண்ணு. அவர் சாதாரணத்துல சேவ் பண்ணிட்டு எக்செல்லை மூடிட்டாரு, பாத்து அடிச்ச தாள் இருந்துச்சு ஆனா கம்ப்யூட்டர்ல வேற காப்பி இல்ல. மறுநாள் வெறும் கேள்விக்குறியா இருக்க படத்தை அனுப்பி "இப்ப என்னண்ணா பண்ணணும்"னு கேட்டாரு பாருங்க, அதுக்கு என்கிட்ட பதிலே இல்ல. திரும்ப முழுசா உக்காந்து டைப் அடிச்சாரு அந்த மனுஷன். அன்னைலேர்ந்து ஃபைலை மாத்தி சேவ் பண்ண சொல்ற எந்த பதில் எழுதினாலும் முதல் வரி "முதல்ல ஃபைலை ஒரு காப்பி எடுத்து வச்சுக்குங்க"ன்னுதான் எழுதுறேன்.

அதனால தெரியாம இருந்தா ஊகிச்சு எழுதாதீங்க, "கட்டமா வருதா, கேள்விக்குறியா வருதா?"ன்னு ஒரே ஒரு கேள்வி திருப்பி கேளுங்க, அந்த ஒரு கேள்வியே பெரிய உதவி. நீங்க செஞ்சு பாத்து சரியானதுன்னா "நான் செஞ்சு பாத்தேன்"னு சொல்லுங்க, கேள்விப்பட்டதுன்னா அதையும் சொல்லுங்க. எந்த மெனு, எந்த பட்டன்னு வரிசையா எழுதுங்க. "இது கூட தெரியாதா", "கூகுள் பண்ணுங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க, கூகுள்ல தேட என்ன வார்த்தை போடணும்னே தெரியாமத்தான் அவங்க நம்மகிட்ட வந்திருக்காங்க, அந்த வார்த்தையை சொல்லிக் குடுத்தா அடுத்த தடவை அவங்களே தேடிக்குவாங்க.

இன்னைக்கு ராத்திரி லிஸ்டை எக்செல் ஃபைலா இறக்கி பாருங்க, வந்துடும். வந்ததும் ஒரு வேலை இருக்கு, அந்த குரூப்ல உங்க மூணு கேள்வியும் இன்னும் அப்படியே தொங்கிட்டு இருக்கும், அதுக்கு கீழயே போயி "சரியாயிடுச்சு நன்றி"ன்னு மட்டும் போடாம, என்ன செஞ்சீங்கன்னு ரெண்டு வரி எழுதி, ஃபான்ட் போட சொன்னவருக்கும் ஒரு நன்றி சொல்லிடுங்க. அடுத்த ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது இதே லிஸ்டோட வேற ஒரு டீச்சர் அங்க வந்து தேடுவாங்க.