தீவகத்தின் கற்களும் கதைகளும்: கேள்வி பதில்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே, ஆழமில்லாத கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளை நாங்கள் தீவகம் என்போம். அத்தீவுகளின் வரலாற்றையும் வாய்மொழிக் கதைகளையும் பற்றி வந்த கேள்விகளில் ஒரே பொருள் கொண்டவற்றைச் சேர்த்து, எனக்கு உறுதியாகத் தெரிந்த அளவில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் கனடாவில் பிறந்தவள். அம்மம்மா புங்குடுதீவைச் சேர்ந்தவர். தீவின் வரலாற்றைக் கற்க விரும்புகிறேன். புத்தகங்களிலிருந்து தொடங்குவதா, அம்மம்மாவிடமிருந்து தொடங்குவதா?

அம்மம்மாவிடமிருந்து தொடங்குங்கள், பிள்ளை. புத்தகம் காத்திருக்கும். ஆனால் "ஒரு கதை சொல்லுங்கோ" என்று பொதுவாகக் கேட்டால், "எனக்கென்ன தெரியும்" என்று பெரும்பாலான முதியவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். அதற்குப் பதிலாக இடங்களைப் பற்றிக் கேளுங்கள். குடிதண்ணீர் எந்தக் கிணற்றில் அள்ளினீர்கள், பொழுதுபட்ட பிறகு எந்த மரத்தடிக்குப் போகக்கூடாது என்றார்கள், கடலுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் யாரைக் கும்பிட்டார்கள் என்று கேட்டால், அந்தக் கிணற்றோடும் மரத்தோடும் கதை தானாகவே வந்து சேரும்.

என் அப்பாச்சி நெடுந்தீவில் மண்ணெண்ணெய் விளக்கடியில் கண்ணகியின் கதையைச் சொல்வார். சிலம்பு என்ற சொல் வரும்போதெல்லாம் குனிந்து தன் கணைக்காலை ஒருமுறை தொட்டுக்கொள்வார். அந்தக் காலில் அவர் வாழ்நாளில் ஒரு கொலுசும் இருந்ததில்லை. இன்றும் சிலம்பு என்ற சொல்லை எங்கே படித்தாலும் அந்தக் கைதான் எனக்கு முதலில் தெரிகிறது. ஆகவே அம்மம்மா பேசும்போது குரலை மட்டும் பதிவு செய்யாமல், முடிந்தால் கைகளும் முகமும் தெரியும்படி பதிவு செய்யுங்கள். அவர் பிழையாகச் சொல்கிறார் என்று உங்களுக்குத் தோன்றினாலும் இடையில் திருத்த வேண்டாம்.

கேள்வி: பழைய வரைபடங்களில் நெடுந்தீவு டெல்ஃப்ட் என்றிருக்கிறது. மற்றத் தீவுகளுக்கும் இப்படி வேறு பெயர்கள் உண்டா?

உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினார்கள். வேலணை லைடன் ஆனது. காரைதீவு, அதாவது இன்றைய காரைநகர், ஆம்ஸ்டர்டாம் ஆனது. புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லம், அனலைதீவு ரொட்டர்டாம் எனப் பெயர் பெற்றன. டெல்ஃப்ட் மட்டும் இன்றுவரை ஆங்கில ஆவணங்களில் நிலைத்துவிட்டது. ஊர்காவற்றுறைக்கு வழங்கும் கயிற்ஸ் என்ற பெயரோ அதற்கும் முந்தியது. துறைமுகக் கரையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பிறந்தது.

கேள்வி: நயினாதீவில் பாம்பு சுற்றிய கல் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அந்தக் கதை என்ன? அதில் வரலாறு ஏதும் இருக்கிறதா?

நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குச் சாத்துவதற்காக நாகம் ஒன்று புளியந்தீவிலிருந்து வாயில் பூவைக் கௌவிக்கொண்டு நாள்தோறும் கடலில் நீந்தி வரும். ஒருநாள் கருடன் அதைத் துரத்த, நாகம் கடலில் நின்ற ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. கருடன் எதிரே இருந்த இன்னொரு கல்லில் அமர்ந்தது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த வணிகன் ஒருவன் நாகத்துக்காக இரங்கிக் கருடனிடம் மன்றாடினான். அம்மனுக்கு ஆலயம் எழுப்பினால் விடுகிறேன் என்று கருடன் சொல்ல, அவன் தன் செல்வத்தைக் கொண்டு கோயிலைக் கட்டினான். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று அந்த இரண்டு கற்களையும் இன்றும் காட்டுவார்கள்.

இந்தக் கதையில் பாம்பையும் பறவையையும் பார்க்கிற நாம், வணிகனைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். கோயிலைக் கட்டியவன் அரசன் என்று கதை சொல்லவில்லை; கடலோடி வந்த வணிகன் என்றே சொல்கிறது. அதே கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து இறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்றும் அது கூறுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் செம்பாதி என்று பங்கும் வகுக்கிறது. சிங்கள மன்னன் ஒருவன் இந்த ஆணையைத் தமிழில் வெட்டுவித்திருக்கிறான் என்றால், அதைப் படிக்க வேண்டிய வணிகர்களின் மொழி எது என்பது விளங்கும். கதை நடந்தது என்பதற்கு இந்தக் கல்வெட்டு சான்று ஆகாது. கதையைச் சொன்ன மக்களின் கண்முன்னே எத்தகைய கடல் இருந்தது என்பதைத்தான் இது நமக்குக் காட்டுகிறது: கலம் உடையும் கடல், வணிகர் வந்து நேர்ந்துகொள்ளும் கடல்.

கேள்வி: மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்று உறுதியாகச் சொல்லலாமா?

உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிக் கருதுவதற்குக் காரணங்கள் உண்டு. புகார் நகரத்து உவவனத்திலிருந்து மணிமேகலையைத் தெய்வம் தூக்கிச் சென்று, முப்பது யோசனை தெற்கே கடல் சூழ்ந்த மணிபல்லவத்தில் வைத்தது என்று காப்பியம் கூறுகிறது. அங்கே ஒரு மணிப்பீடிகை இருக்கிறது. நாகநாட்டு மன்னர் இருவர் அதற்காகப் போரிட்டபோது புத்தர் தோன்றி அவர்களின் பகையைத் தீர்த்தார் என்பது அதன் வரலாறு. மகாவம்சத்திலும் இதே செய்தி வருகிறது: மகோதரன் என்ற மாமனும் சூளோதரன் என்ற மருமகனும் மணியாசனம் ஒன்றுக்காகப் பொருத வந்தபோது புத்தர் நாகதீபத்துக்கு வந்தார் என்கிறது. தமிழ்க் காப்பியமும் பாளி நூலும் ஒரே கதையை வைத்திருக்கின்றன என்பதுதான் இங்கே முதன்மையானது.

நாகதீபம் என்ற பெயரில்தான் சிக்கல் இருக்கிறது. வடமராட்சி வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேடு, அனுராதபுரத்து வசப மன்னனின் காலத்தில் நாகதீபத்தை ஓர் அமைச்சன் ஆண்டதாகச் சொல்கிறது. வல்லிபுரம் குடாநாட்டின் வடகிழக்குக் கரையில் இருப்பது. ஆகவே பழைய நாளில் நாகதீபம் என்பது ஒரு சிறு தீவை மட்டுமன்றிக் குடாநாடு முழுவதையுமே குறித்திருக்க வேண்டும். நயினாதீவில் இன்று அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அருகருகே இருக்கின்றன. இந்தக் கதை எங்களுக்கே உரியது என்று ஒரு தரப்பார் சொல்லும்போது, இரண்டு மொழிகளிலும் அது இருப்பதை எடுத்துக் காட்டுவது நம் கடமை என்று நினைக்கிறேன்.

கேள்வி: வெடியரசன் உண்மையாகவே நெடுந்தீவை ஆண்டவனா? எங்கள் வீட்டில் அவனை எங்கள் குலத்து வீரன் என்கிறார்கள். நான் படித்த கதையில் அவன் தோற்றுச் சிறைப்படுகிறான்.

தம்பி, நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே கதைதான். சொல்கிறவர் நிற்கும் பக்கம்தான் வேறு. கண்ணகியின் காற்சிலம்புக்குப் பரலாக வைக்க நாகமணி தேவைப்பட, அதைக் கொண்டுவர மீகாமன் என்னும் கப்பல் தலைவன் கடலோடி வருகிறான். இந்தக் கடலை ஆண்ட முக்குவர் தலைவன் வெடியரசன் அவனை மறிக்கிறான். பெரும் போர் நடக்கிறது. வெடியரசன் பிடிபட, அவன் தம்பிமாரும் போருக்கு எழுகிறார்கள். இளங்கோவடிகளின் காப்பியத்தில் இந்தக் கடற்போர் கிடையாது. இது ஈழத்தில் வளர்ந்த பகுதி. மட்டக்களப்பில் கண்ணகி வழக்குரை என்றும், யாழ்ப்பாணத்தில் கோவலனார் கதை என்றும், வன்னியில் சிலம்பு கூறல் என்றும் வழங்கும் நூலில் இது இடம்பெறுகிறது. மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது அந்நூலை இன்றும் படிக்கிறார்கள்.

கண்ணகியைத் தெய்வமாகக் கொண்டவர்கள் பாடியபோது மீகாமன் வென்றான். கடலைத் தொழிலாகக் கொண்டவர்கள் நினைவில் வைத்தபோது, தன் கடலை விட்டுக்கொடுக்காத வெடியரசன் பெரியவன் ஆனான். உங்கள் வீட்டார் சொல்வதை மறுக்காதீர்கள். தோற்றவன் பக்கத்திலிருந்து கதை கேட்பது எளிதில் கிடைக்கும் பேறு அன்று.

அவன் உண்மையில் ஆண்டானா என்பதற்கு வருகிறேன். நெடுந்தீவின் மேற்குப் பக்கத்தில் வெடியரசன் கோட்டை என்று மக்கள் சொல்லும் இடிபாடு ஒன்று உண்டு. சிறு வயதில் அங்கே போய் ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். முருகைக்கல், கடலடியில் வளர்ந்தபோது உண்டான மடிப்பும் சுழியும் அப்படியே தெரியும், உள்ளங்கையை வைத்தால் அரம்போல உராயும். தொல்லியலாளர் அவ்விடத்தில் அதே கல்லால் அமைந்த பௌத்த தூபிகளின் அடித்தளங்களை இனங்கண்டிருக்கிறார்கள். அதாவது, கட்டியவர்களை ஊர் மறந்துபோன பிறகு, உரிமையாளன் இல்லாமல் கிடந்த கற்களுக்கு ஊர் தன் வீரனை உரிமையாளன் ஆக்கியிருக்கிறது. வெடியரசன் என்ற அரசன் இருந்தான் என்பதற்குக் கல்லில் சான்று இல்லை. இந்த நீரிணையில் போகிற கலங்களை மறித்து ஆண்ட கடற்தலைவர்கள் இருந்திருப்பார்கள் என்று கொள்வதற்குத் தடையும் இல்லை.

கேள்வி: நெடுந்தீவின் குதிரைகள் பராக்கிரமபாகு காலத்தவை என்று ஒரு வழிகாட்டி சொன்னார். சரியா?

சரியன்று. நான் மேலே சொன்ன கல்வெட்டில் குதிரை என்ற சொல் வருவதால் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார்கள். அந்தக் குதிரைகள் அரசனுக்காகக் கடல் கடந்து வந்த இறக்குமதிச் சரக்கு. அவை நெடுந்தீவில் விடப்பட்டதாக ஒரு வரியும் இல்லை. இன்று தீவில் கட்டாக்காலியாக மேயும் மட்டக்குதிரைகள் ஐரோப்பியர் காலத்துக் குதிரை வளர்ப்பின் மிச்சம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் தொடங்கிய அத்தொழிலை ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்ற அதிகாரி இங்கே நடத்தினார். வறட்சிக் காலத்தில் அவை தண்ணீரின்றிச் செத்துக் கிடப்பதைக் கண்டவர்களுக்கு, அவற்றின் பூர்வீகத்தைவிட ஒரு தொட்டித் தண்ணீர் பெரிதாகத் தெரியும்.

 

கேள்வி: பூதத்தம்பி கதை கற்பனையா? கூத்தில் பார்த்திருக்கிறேன்.

நடந்த ஒன்றின் மேல் எழுந்த கதை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலில் நிற்கும் கோட்டையை ஒல்லாந்தர் ஹம்மன்ஹீல் என்றார்கள். இலங்கையின் வடிவம் பன்றித் தொடையைப் போன்றது என்றும், இது அதன் குதிகால் என்றும் பொருள். நம்மவர் அதைப் பூதத்தம்பி கோட்டை என்பர். ஒல்லாந்தரின் கீழ் அதிகாரியாயிருந்த பூதத்தம்பியின் மனைவி அழகவல்லியை விரும்பிய அந்திராசி என்பவன், வெற்றுத்தாளில் அவனிடம் கையெழுத்து வாங்கி, அதைப் போர்த்துக்கேயருக்கு எழுதிய இரகசியக் கடிதமாக மாற்றிக் கொலைத்தண்டனை பெற்றுக் கொடுத்தான் என்பது கூத்து. 1658இல் ஒல்லாந்தருக்கு எதிராக யாழ்ப்பாணத்தில் ஒரு சதி வெளிப்பட்டதையும், அதில் பட்டவர்கள் கொல்லப்பட்டதையும், அப்போது அங்கிருந்த ஒல்லாந்தப் பாதிரியார் பால்டேயஸ் எழுதி வைத்திருக்கிறார். ஆட்சியாளரின் ஏட்டில் அது துரோகம். மக்களின் கூத்தில் அது வஞ்சிக்கப்பட்ட ஒருவனின் சாவு. வெற்றுத்தாளில் இட்ட கையெழுத்து என்ற கற்பனையை நான் பெரிதும் மதிக்கிறேன். தமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட பத்திரங்களுக்கு அடங்கி வாழ்ந்த மக்களின் அச்சம் முழுவதும் அந்தத் தாளில் இருக்கிறது.

கேள்வி: நெடுந்தீவில் ஒரு பெரிய காலடித் தடம் இருக்கிறதே, அது யாருடையது?

அனுமானுடையது என்பாரும் உண்டு, ஆதாமுடையது என்பாரும் உண்டு. சுண்ணாம்புப் பாறையில் மழைநீர் இப்படிப் பல குழிகளை அரிக்கும். யார் பெயரைச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து சொல்கிறவரைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: அம்மாவிடம் பழங்கதைகளைப் பதிவு செய்யப் போனேன். அவர் குமுதினிப் படகைப் பற்றியே பேசுகிறார். அதை நிறுத்திவிட்டுக் கதைக்குத் திருப்புவதா?

நிறுத்த வேண்டாம், தம்பி. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில், பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அம்மாவுக்கு அந்தக் கடலின் கதை அதுதான். அவர் சொல்லி முடிக்கும் வரை பதிவுக் கருவியை அணைக்காதீர்கள். வெடியரசனை இன்னொரு நாள் கேட்கலாம். அவர் விரும்பினால் மட்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் போயின. 1990களின் தொடக்கத்தில் தீவக மக்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். ஏடும் போய், கதை சொல்கிறவர்களும் பல நாடுகளுக்குச் சிதறிய பிறகு எஞ்சியிருப்பது உங்கள் அம்மாவைப் போன்றவர்களின் குரல்தான்.

பதிவு செய்ததும் அன்றிரவே மூன்றைக் குறித்துவையுங்கள்: சொன்னவரின் ஊரும் வட்டாரமும், அவர் யாரிடம் கேட்டார் என்பது, பதிவு செய்த நாள். எழுத்தில் பெயர்க்கும்போது அவருடைய பேச்சு வழக்கை ஏட்டுத் தமிழாக மாற்ற வேண்டாம். "வந்தவையாம்" என்று அவர் சொன்னால் அப்படியே எழுதுங்கள். அந்த "ஆம்" என்ற ஈறு, தான் கண்டதையும் கேட்டதையும் அவரே பிரித்துக் காட்டும் அடையாளம். பெயர்களை வெளியிடுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். ஒரு படியை வீட்டில் வைத்துக்கொண்டு, அவர் சம்மதித்தால் இன்னொன்றை "நூலகம்" என்ற பெயருள்ள எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கள். ஈழத்து ஆவணங்களை 2005 முதல் இணையத்தில் சேர்த்து வைப்பவர்கள் அவர்கள். படகைப் பற்றிய பகுதியை வெளியே கொடுக்க அம்மா விரும்பாவிட்டால், அதை மட்டும் தனிக் கோப்பாக்கி, அவருடைய பெயரையும் நாளையும் எழுதி, உங்களிடமே வைத்திருங்கள்.