சுதந்திரத்துக்கு முன் காலனி நாடுகளில் அன்றாட நிர்வாகத்தை உண்மையில் யார் நடத்தினார்கள்?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். வைஸ்ராய், 1919 சட்டம், இரட்டை ஆட்சி, 1935 சட்டம் எல்லாம் ஏற்கெனவே மனப்பாடம் ஆகியிருக்கும். நான் நம் பக்கத்துக் கீழ்மட்டத்தை மட்டும் சொல்கிறேன், அது எங்கள் வீட்டுக் கதை என்பதால். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் என் கொள்ளுத்தாத்தா கர்ணம், அதாவது ஊர்க் கணக்கர்; அவருக்குப் பின் தாத்தா.

சுதந்திரத்துக்கு முன் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கும் ஒரே சேலம் ஜில்லா. அதற்கு ஒரு கலெக்டர். இந்தியா முழுவதற்குமே ஐ.சி.எஸ். (இந்திய சிவில் சர்வீஸ்) அதிகாரிகள் சுமார் ஆயிரம் பேர்தான். அப்புறம் எப்படி ஊர் ஊராக வரி வசூலானது? கணக்கெழுதக் கர்ணம், வசூலிக்க மணியக்காரர், கூடவே ஊர்க் காவலுக்குத் தலையாரி. 1792இல் பாராமகால் (எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தின் பழைய பெயர்) திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்ததும், கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் இங்கேதான் ரயத்துவாரி வரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள். இடையில் ஜமீன்தார் இல்லாமல் விவசாயியிடமே தீர்வை (நில வரி) வாங்குவதென்றால் ஒவ்வொரு வயலுக்கும் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு கர்ணத்திடம் இருந்தது. மேலே, 1816இலிருந்து கலெக்டரே மாஜிஸ்திரேட்டும் ஆனார். வரி கேட்பவரும் தண்டனை கொடுப்பவரும் ஒருவரே.

ஜமாபந்தி, அதாவது ஊர்க் கணக்குகளை மேலதிகாரி வருடா வருடம் சரிபார்ப்பது பற்றித் தாத்தா நிறையச் சொல்வார். கொள்ளுத்தாத்தா அடங்கலையும் (சாகுபடிக் கணக்கு) சிட்டாவையும் (யாருக்கு எந்த நிலம் என்ற கணக்கு) துணியில் மூட்டை கட்டி, மாட்டுவண்டியில் தாலுகா கச்சேரிக்குப் போவாராம். வந்த துரை தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர்தான். ஆனாலும் எந்த சர்வே எண்ணில் கேழ்வரகு விளைந்தது, எது தரிசாகக் கிடந்தது என்பது கர்ணம் வாய் திறந்தால்தான் அவருக்குத் தெரியும். விளையாத நிலத்துக்குத் தள்ளுபடி எழுதி வாங்க, நின்ற இடத்திலேயே நாள் முழுக்க நின்றிருக்கிறார்.

"வெள்ளைக்காரனுக்குக் கணக்கெழுதிய குடும்பம்தானே" என்று சிலர் வருவார்கள் என்று தெரியும். கர்ணங்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. வரி பாக்கிக்காகக் குடியானவர்களைக் கிட்டி போட்டும் (மரக்கட்டைகளுக்கு இடையே விரல்களை நெரித்தும்), குனிய வைத்துக் கட்டியும் வதைத்ததை 1855இல் சென்னை மாகாண விசாரணைக் குழுவே பதிவு செய்திருக்கிறது. வதைத்தவர்கள் பெரும்பாலும் நம்மூர் சேவகர்கள்தான். ஆனால் தீர்வையை நிர்ணயித்ததும் வசூல் குறைந்தால் விளக்கம் கேட்டதும் மேலே இருந்தவர்கள். பழி முழுவதையும் ஊர்க் கணக்கர் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

இந்த அமைப்பு 1947இல் போகவில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுப் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. பதவி ஒழிந்தது சரியே. ஆனால் அத்தனை வருடம் எழுதிய கணக்கை ஒரு நன்றி வார்த்தைகூட இல்லாமல் தாத்தாவிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அது இன்னும் எங்களுக்கு ஆறவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். அதே குடும்பத்து நிலத்தின் பட்டாவை கம்ப்யூட்டரில் ஏற்றும்போது என் அப்பா பெயரைத் தப்பாக ஏற்றிவிட்டார்கள். திருத்தக் கேட்டு மனு போட்டால் காரணம் சொல்லாமலே நிராகரிக்கிறார்கள். தாத்தா கையெழுத்துள்ள பழைய அடங்கல் நகல் என்னிடம் இருக்கிறது. வருவாய்த் துறையில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், அதை வைத்து ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மேல்முறையீடு செய்யலாமா என்று சொல்லுங்கள்.