விபிஎன் இணைந்தும் ஷேர்டு ஃபோல்டர் திறக்கவில்லை, ஏன்?

கோத்தகிரி வீட்டிலிருந்து கோவை அலுவலகத்துக்கு விபிஎன் (இணையம் வழியே அலுவலக நெட்வொர்க்கில் சேர்க்கும் பாதுகாப்பான இணைப்பு) இணைகிறது, அலுவலக சர்வரில் உள்ள ஷேர்டு ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை என்கிறீர்கள். மழையில் லைன் கெட்டது என்று பழி போடாதீர்கள், விபிஎன் அறுபடாமல் இருக்கிறதே.

முதலில் சர்வர் பெயருக்குப் பதில் அதன் ஐபி முகவரியை அடித்துப் பாருங்கள், \\192.168.10.5 மாதிரி. திறந்தால் கோளாறு பெயரைக் கண்டுபிடிப்பதில்தான். விபிஎன் இணைப்பில் அலுவலக டிஎன்எஸ் (பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் சர்வர்) முகவரியைக் கொடுத்தால் போதும்.

அப்படியும் வரவில்லையா? வீட்டு ரவுட்டரைப் பாருங்கள். குன்னூரில் நான் அரைநாள் தொலைத்தது இதில்தான். வீடு, அலுவலகம் இரண்டிலும் 192.168.1 என்று தொடங்கும் ஒரே ஐபி முகவரி வரிசை. பாவம், என் லேப்டாப் கோவை சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது! வீட்டு ரவுட்டரில் 192.168.77 என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

அதுவும் சரி என்றால் அப்புறம் சர்வரின் ஃபயர்வாலைப் பாருங்கள், எந்த இணைப்பை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும் காவல் அது. ஃபைல் பகிர்வு டிசிபி 445 என்ற போர்ட்டில், அதாவது எண்ணிட்ட வாசலில், நடக்கிறது. விண்டோஸ் பல நேரம் அதை உள் நெட்வொர்க்குக்கு மட்டுமே அனுமதிக்கும். விபிஎன் தரும் முகவரி வரிசையையும் அந்த விதியில் சேர்க்கச் சொல்லுங்கள். அவசரத்தில் 445-ஐ இணையத்துக்கே திறந்துவிடாதீர்கள். 2017-இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை தீநிரல் பரவியது அந்த வாசல் வழியாகத்தான்.